தொப்பியில இருந்து பேசுற ஜிபிஎஸ்: 137 யார்டுன்னா எது வரைக்கும்?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.

இன்னைக்கு எபிசோடு ஒரு குட்டிக் கருவியைப் பத்தி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தொப்பி விளிம்புலயோ பெல்ட்லயோ கிளிப் போட்டு மாட்டிக்கலாம். கோல்ஃப் மைதானத்துல நின்னு அதோட பட்டனை அழுத்தினா, "142"ன்னு ஒரு குரல் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை. வாய்ஸ் கேடி, கோல்ஃப்பட்டி மாதிரி தென்கொரிய கம்பெனிகள் இந்த வகைக் கருவிகளைப் பிரபலமாக்கினாங்க.

"ப்ரோ, நாங்க கோல்ஃப் ஆடப்போறதே இல்ல, இதை எதுக்குக் கேக்கணும்?"னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். ஆனா ஒரு மெஷின் உங்க காதுல ஒரே ஒரு நம்பரைச் சொல்லி, அதை நம்பி நீங்க ஒரு முடிவு எடுக்கணும்னா, அந்த நம்பருக்குள்ள என்னெல்லாம் இருக்கு, என்னெல்லாம் இல்லன்னு தெரிஞ்சிருக்கணும். அதைப் புரிஞ்சுக்க இதைவிடச் சின்ன, சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கல.

தூரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கோல்ஃப் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். தொடங்குற இடம் டீ. அங்கிருந்து பந்தை அடிச்சு அடிச்சு, ஒட்ட வெட்டின புல்தரைக்குக் கொண்டுபோகணும். அந்தப் புல்தரைதான் கிரீன். அதுல ஒரு குழி, குழியில ஒரு கொடி. இப்படி 18 குழி.

பையில அதிகபட்சம் 14 கிளப் வெச்சுக்கலாம்னு விதி. ஒவ்வொரு கிளப்பும் பந்தை ஒவ்வொரு தூரத்துக்கு அனுப்பும். ஓரளவு நல்லா ஆடறவங்களுக்கு அடுத்தடுத்த ரெண்டு அயர்ன் கிளப்புக்கு நடுவுல 10 முதல் 15 யார்டு வித்தியாசம் வரும். யார்டுன்னா நம்ம கஜம், 0.9144 மீட்டர். ஆக ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இன்னும் எவ்வளவு தூரம்?"

முன்னாடியெல்லாம் 150 யார்டு இடத்துல ஒரு குச்சியோ செடியோ வெச்சிருப்பாங்க. தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் மூடியில தூரம் எழுதியிருப்பாங்க. அங்கிருந்து காலடி எண்ணி நடந்து கணக்குப் போடணும். இல்லன்னா பக்கத்துல வர்ற கேடியைக் கேட்கணும். கேடியைப் பத்திக் கடைசியில பேசுவோம். இந்த எபிசோடு நான் பண்ணதுக்கு முக்கியமான காரணமே அதுதான்.

மேலே என்ன நடக்குது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்துல சுத்துது. ஒவ்வொண்ணும் திரும்பத் திரும்ப ரெண்டே விஷயம் சொல்லுது: "இப்ப மணி இவ்வளவு, நான் இருக்கற இடம் இது." அந்தச் சிக்னல் நேர் மேலே இருந்து உங்க தொப்பிக்கு வர சுமார் 67 மில்லிசெகண்டு ஆகும். கிளம்பின நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியோட வேகத்தால பெருக்கினா தூரம். மூணு செயற்கைக்கோளோட தூரம் தெரிஞ்சா உங்க இடத்தைக் கண்டுபிடிச்சிடலாம்.

ஆனா நாலு வேணும். ஏன்னா மேலே இருக்கறது அணுக் கடிகாரம், உங்க தொப்பியில இருக்கறது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோசெகண்டு தப்பினாலே 300 மீட்டர் பிழை. அதனால கருவி தன்னோட கடிகாரப் பிழையையும் இன்னொரு தெரியாத எண்ணா வெச்சு, நாலு சமன்பாட்டைத் தீர்க்குது. நாம பிளஸ் டூவுல போட்ட கணக்கோட பெரிய அண்ணன்.

ஐன்ஸ்டீனும் இதுக்குள்ள இருக்காரு. மேலே ஈர்ப்பு விசை கம்மி, செயற்கைக்கோளோட வேகம் அதிகம். இந்த ரெண்டும் சேர்ந்து அங்க இருக்கற கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோசெகண்டு வேகமா ஓடும். அதைச் சரி பண்ணாம விட்டா, ஒரே நாள்ல 10 கி.மீ.க்கு மேல பிழை சேர்ந்துடும்.

இன்னொரு தேதி: 2000 மே 2. அதுக்கு முன்னாடி வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னல்ல வேணும்னே பிழையைச் சேர்த்துவிட்டிருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்பலாம். அந்தப் பிழையோட கோல்ஃப் ஆடினா, கிரீன்ல விழவேண்டிய பந்து பக்கத்துக் குழிக்காரர் தலையில விழும். அந்த நாள்ல இருந்து அதை நிறுத்திட்டாங்க. இன்னைக்கு திறந்த வானத்துக்குக் கீழ ஒரு சாதாரண ஃபோனோட துல்லியம் சுமார் 5 மீட்டர். நீங்க டெலிவரிக்கு லொகேஷன் அனுப்பறதுல இருந்து இந்தத் தொப்பிக் கருவி வரைக்கும் எல்லாமே அந்தத் தேதிக்குக் கடன்பட்டவை.

இதுல ஒரு பிராக்டிக்கல் விஷயம் இருக்கு. செயற்கைக்கோள் தன்னோட பாதை விவரத்தை செகண்டுக்கு 50 பிட் வேகத்துலதான் அனுப்புது. ஆமா, வெறும் 50 பிட். அதை முழுசா வாங்கறதுக்கு சுமார் அரை நிமிஷம் ஆகும், நடுவுல மரமோ கட்டடமோ மறைச்சா இன்னும் இழுக்கும். அதனால கருவியை டீயில நின்னுட்டு ஆன் பண்ணாதீங்க. கார் பார்க்கிங்லயே, ஷூ லேஸ் கட்டும்போதே, திறந்தவெளியில ஆன் பண்ணி வெச்சுடுங்க.

இன்டர்நெட் இல்லாம எப்படி?

இந்தக் கருவிக்கு சிம் கிடையாது. ஆனா உலகத்துல எந்த மைதானத்துக்குப் போனாலும் பெரும்பாலும் தானே கண்டுபிடிச்சுடும். எப்படி? எல்லா மேப்பும் உள்ளேயே இருக்கு.

அவ்வளவும் இந்தத் தீப்பெட்டிக்குள்ள அடங்குமான்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம். ஒரு குழிக்கு மூணு புள்ளி போதும்: கிரீனோட முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு. ஒரு புள்ளிக்கு ரெண்டு எண், அட்சரேகையும் தீர்க்கரேகையும். 18 குழிக்கு மொத்தம் 108 எண். எண்ணுக்கு 4 பைட் வெச்சா 432 பைட். உலகத்துல சுமார் 38,000 கோல்ஃப் மைதானங்கள் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்தாலும் 17 எம்பி தாண்டாது. உங்க ஃபேமிலி குரூப்ல வர்ற ஒரு குட் மார்னிங் வீடியோ சைஸ்! கிரீனோட முழு வடிவத்தையும் சேமிக்கற கருவிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும், ஆனாலும் பெரிய விஷயமில்ல.

அடுத்தது தூரக் கணக்கு. அட்சரேகையில ஒரு டிகிரின்னா சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில ஒரு டிகிரி, நீங்க பூமத்தியரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குறையும். சென்னையில சுமார் 108 கி.மீ. சில நூறு மீட்டருக்கு பூமியோட வளைவைக் கண்டுக்கவே வேண்டாம். வடக்கு தெற்கா எவ்வளவு, கிழக்கு மேற்கா எவ்வளவுன்னு எடுத்து, பள்ளிக்கூட பிதாகரஸ் போட்டா தூரம் வந்துடும்.

குரல்ல ஒரு தமிழ்ச் சிக்கல்

பட்டனை அழுத்தினதும் வர்ற குரலை எளிமையா செய்யற வழி, எண்களைத் துண்டு துண்டா ரெக்கார்ட் பண்ணி வெச்சு ஒட்டறது. ஆங்கிலத்துல இது சுலபம். ஒன், ஹண்ட்ரட், தர்ட்டி, செவன்னு வரிசையா அடுக்கினா போதும், 137 ரெடி.

இதையே தமிழ்ல செய்யறீங்கன்னு வெச்சுக்குங்க. "நூறு", "முப்பது", "ஏழு"ன்னு மூணு துண்டை ஒட்டினா யாருக்கும் சரியா கேட்காது. நாம சொல்றது "நூத்தி முப்பத்தி ஏழு". நூறு தனியா வந்தா நூறு, பின்னால எண் வந்தா நூத்தி. முப்பதும் அப்படித்தான், முப்பத்தி ஆயிடும். தொண்ணூறு தொண்ணூத்தி ஆகும். ஆக பத்துகளுக்கும் நூறுகளுக்கும் ரெண்டு ரெண்டு துண்டு வேணும், பின்னால என்ன வருதுன்னு பாத்து எதை எடுக்கணும்னு ஒரு சின்ன விதி எழுதணும். பெரிய கோட் எல்லாம் இல்ல, அரை நாள் வேலை. ஆனா மொழி தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தாதான் இப்படி ஒரு பிரச்சினை இருக்கறதே தெரியும்.

137 யார்டு, எது வரைக்கும்?

இப்ப மெயின் மேட்டர். ஒரு நிஜ குழியை எடுத்துக்குவோம். அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல டிபிசி சாக்ராஸ்னு ஒரு மைதானம். அங்க 17வது குழியோட கிரீனைச் சுத்தி கிட்டத்தட்ட முழுக்க தண்ணி. நடந்து போக ஒரு குறுகலான பாதை மட்டும் இருக்கு. போட்டியில அதோட நீளம் 137 யார்டு. கிரீனோட ஆழம் சுமார் 78 அடி, அதாவது 26 யார்டு.

கிரீனோட நடு வரைக்கும் 137ன்னு வெச்சுக்குவோம். அப்ப முன் விளிம்பு சுமார் 124, பின் விளிம்பு சுமார் 150. ஒரே கிரீன்ல முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ரெண்டு கிளப் வித்தியாசம்! கருவி "137"னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தினா, அது எந்தப் புள்ளியைச் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியணும். பெரும்பாலான கருவிகள் முதல்ல நடுவைத்தான் சொல்லும். முன், பின் வேணும்னா அதுக்குத் தனி பட்டனோ தனி செட்டிங்கோ இருக்கும். முதல் நாளே தேடிக் கண்டுபிடிச்சு வெச்சுக்குங்க.

அடுத்தது அளவு. 137 யார்டுன்னா 125 மீட்டர். கருவி மீட்டர்ல செட் ஆகியிருக்கு, நீங்க யார்டுன்னு நினைச்சுட்டிருக்கீங்க. "125"னு குரல் வருது. நீங்க மிகத் துல்லியமா 125 யார்டு அடிக்கறீங்க. பந்து முன் விளிம்புல தொட்டும் தொடாம, தண்ணிக்குள்ள போக வாய்ப்பு அதிகம். இதுல செயற்கைக்கோள் தப்பு பண்ணல, கணக்கும் தப்பல. ஒரு ஏபிஐ யூனிட் இல்லாம, எதைக் குறிக்குதுன்னும் சொல்லாம வெறும் எண்ணைத் திருப்பி அனுப்பினா, கோட் ரிவ்யூல நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். பல குரல் கருவிகள்ல திரையே கிடையாது, அதனால இந்த ரெண்டையும் உங்க மண்டையில வெச்சுக்கறது உங்க பொறுப்பு.

"முன் விளிம்பு"ங்கறதே நிலையான புள்ளி இல்லங்கறது இன்னொரு சுவாரஸ்யம். நேரா நின்னா ஒரு விளிம்பு முன்னாடி, பந்து வலது பக்கம் ஒதுங்கிட்டா வேற விளிம்பு முன்னாடி. கிரீனோட முழு வடிவமும் உள்ள இருக்கற கருவிகள், நீங்க நிக்கற இடத்துல இருந்து ஒரு கோடு போட்டு, அது கிரீனுக்குள்ள நுழையற இடத்தையும் வெளிய வர்ற இடத்தையும் கணக்குப் பண்ணும். வெறும் மூணு புள்ளி வெச்சிருக்கற கருவியால அது முடியாது.

ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துல இது இன்னும் வேடிக்கை. அங்க ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன். 2வது குழியும் 16வது குழியும் ஒரே கிரீன், 5வதும் 13வதும் ஒரே கிரீன். ஜோடியைக் கூட்டிப் பாருங்க, எப்பவும் 18 வரும். அவ்வளவு பெரிய கிரீனுக்கு "நடு"ன்னு ஒரு புள்ளி வெச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஜிபிஎஸ்ஸோட அந்த 5 மீட்டர் பிழை? அது சுமார் அஞ்சரை யார்டு, அரை கிளப். மரத்தடியில நின்னா, சிக்னல் இலையிலயும் கிளையிலயும் பட்டு வர்றதால கொஞ்சம் கூடும். ஆனா பொழுதுபோக்கா ஆடற ஒருத்தர் ஒரே கிளப்பால பத்து தடவை அடிச்சா, பந்து விழற இடங்களுக்கு நடுவுல அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். அந்தச் சங்கிலியில ரொம்ப பலவீனமான கண்ணி விண்வெளியில இல்ல, நம்ம தோள்பட்டையில இருக்கு.

அந்தக் குரலுக்குத் தெரியாதவை

முதல்ல கொடி. குழியோட இடத்தை மைதான ஊழியர்கள் அடிக்கடி மாத்துவாங்க, போட்டின்னா தினமும். கருவிக்குள்ள இருக்கறது எப்பவோ வரைஞ்ச கிரீன். இன்னைக்குக் கொடி முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. கொடிக்கே தூரம் வேணும்னா லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கணும். ஆனா அதுக்குக் கொடி கண்ணுக்குத் தெரியணும், கை நடுங்காம குறி வைக்கணும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற கிரீனுக்கு லேசர் கை விரிச்சிடும், ஜிபிஎஸ் சொல்லும்.

ரெண்டாவது மேடு பள்ளம். பெரும்பாலான கருவிகள் சொல்றது மேப்புல அளக்கற சமதளத் தூரம். கிரீன் 10 யார்டு உயரத்துல இருந்தா, தோராயமா 10 யார்டு கூட்டி அடிக்கணும்னு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. ஊட்டி கோல்ஃப் மைதானம் மாதிரி மலை மேல இருந்தா, 2,000 மீட்டருக்கு மேல காத்து லேசாகி, பந்து சென்னையில போறதைவிடக் கூடுதல் தூரம் போகும். மூணாவது காத்து. அதையும் அது சொல்லாது.

நாலாவது, மேப் பழசாகறது. கிளப் கிரீனைப் பெரிசாக்கிட்டாலோ, வேலை நடக்குதுன்னு தற்காலிக கிரீன் போட்டாலோ, கருவி பழைய இடத்துக்கே தூரம் சொல்லிட்டிருக்கும், அதே நம்பிக்கையான குரல்ல! குரல்ல ஒருபோதும் தயக்கம் வராது. அதுதான் அதோட பெரிய ஆபத்துன்னு நான் நினைக்கறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கம்ப்யூட்டர்ல சொருகி மேப்பை அப்டேட் பண்ணுங்க.

விதிப்புத்தகம் போட்ட கோடு

2019ல வந்த புது கோல்ஃப் விதிகள்படி, தூரம் அளக்கற கருவி பொதுவா எல்லா இடத்துலயும் அனுமதி. குறிப்பிட்ட போட்டியில வேண்டாம்னா அமைப்பாளர்கள் தடை போடலாம். அதுக்கு முன்னாடி தலைகீழ்: பொதுவா தடை, வேணும்னா உள்ளூர் விதியில அனுமதிக்கலாம். 2021ல கியாவா தீவுல நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்ல இந்தக் கருவிகளை அனுமதிச்சாங்க. 50 வயசு ஃபில் மிக்கெல்சன் ஜெயிச்சாரே, அதே போட்டி. ஆனா மேடு பள்ளத்தை அளந்து சொல்ற வசதியை விதி அனுமதிக்கல. கருவியில அது இருந்தா, போட்டியில ஆஃப் பண்ணி வைக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இன்னொண்ணு. கோல்ஃப்ல எதிராளிகிட்ட யோசனை கேட்டா பெனால்ட்டி. "எந்த கிளப் எடுத்தீங்க?"ன்னு கேட்கக்கூடாது. ஆனா "இங்க இருந்து கிரீனுக்கு எவ்வளவு தூரம்?"னு தாராளமா கேட்கலாம். ஏன்னா தூரம் பொதுத் தகவல், யோசனைக் கணக்குல வராது. உங்க தொப்பி சத்தமா "142"னு சொல்லி, பக்கத்துல இருக்கறவர் காதுல விழுந்தாலும் யாருக்கும் பெனால்ட்டி இல்ல. (அவர் அடிக்கப் போற நேரத்துல பட்டனை அழுத்தாதீங்க, அது மரியாதை.)

தகவல் ஒரு பக்கம், முடிவு இன்னொரு பக்கம்னு விதிப்புத்தகம் சுத்தமா ஒரு கோடு போட்டிருக்கு. மைதானத்துல, தனி ஆட்டத்துல, அந்த ரெண்டையும் நீங்க கேட்கக்கூடிய ஒரே ஆள் உங்க கேடி.

கேடி அண்ணனுக்கு என்ன ஆகும்?

நம்ம ஊர்ல கோல்ஃப் கிளப்னா கேடிகள் இருப்பாங்க. பையைத் தூக்கிட்டுக் கூடவே 18 குழியும் நடக்கறவங்க. அதுல பலருக்கு ஆட்டம் வெறும் வேலையா மட்டும் நிக்கல. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர், 1991லயும் 1993லயும் இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு. பெங்களூர்ல கேடியா இருந்த சி. முனியப்பா 2009ல அதே பட்டத்தை ஜெயிச்சாரு.

"கருவி வாங்கிட்டா கேடி எதுக்கு?"ன்னு ஒரு பேச்சு வரும். கேடி தர்றதுல தூரம் ஒரு பகுதிதான். "சார், இன்னைக்குக் கொடி பின்னாடி இருக்கு. காத்து எதிர்ல வருது. நீங்க ஏழாம் நம்பர் 150 போகும்னு சொல்றீங்க, காலையில இருந்து 138க்கு மேல போகல. ஆறாம் நம்பர் எடுங்க." இந்த நாலு வாக்கியத்துல ஒண்ணைக்கூட அந்தக் கருவியால சொல்ல முடியாது. முக்கியமா மூணாவது. உங்களைப் பத்தின டேட்டா அது. கூட நடந்த ஆளுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டா, தூரத்தை மெஷினே சொல்லட்டும். அதுல அது கெட்டிக்காரத்தனமான மெஷின். கேடிகளுக்கே ஒரு கருவி கொடுத்துப் பாருங்க, காலடி எண்ற நேரம் மிச்சமாகி மத்த மூணையும் இன்னும் நல்லா சொல்வாங்க. ஆனா தூரம் தெரிஞ்சிடுச்சுங்கறதால முடிவும் தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சு அந்த மனுஷனை அனுப்பிட்டா, நீங்க மிச்சம் பிடிக்கிற காசு அந்த 17வது குழித் தண்ணிக்குள்ள பந்து பந்தா போகும்.

சுருக்கமா சொல்லிடறேன். கருவி வாங்கினா முதல் நாள் நாலு விஷயம் பாருங்க: யார்டா மீட்டரா, நடுவா முன் விளிம்பா, மேப் எப்ப அப்டேட் ஆச்சு, சத்தம் எவ்வளவு வெக்கணும். கோல்ஃபே ஆடாதவங்க, உங்க ஃபோன் மேப்புல வீட்டுல இருந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் தூரம் அளந்து பாருங்க, அப்புறம் காலடி எண்ணி நடந்து பாருங்க. எவ்வளவு வித்தியாசம் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா நாலஞ்சு அடுத்த எபிசோடுல போடறேன்.

அடுத்த வாரம் பாக்கலாம்.